வேர்க்கிற சுவர்

2017 ஆவணியில், ஊர்காவற்றுறையில் எங்கள் வீட்டின் தென்மேற்கு அறைச் சுவரில் சுட்டுவிரலை வைத்து அழுத்தினேன். முதல் மூட்டு வரை விரல் உள்ளே போனது. எண்பது வருடம் நின்ற முருகைக்கல், நனைந்த சீனி போலக் கையோடு வந்தது. கடற்காற்றுக்கும் போருக்கும் தாக்குப்பிடித்த சுவர் அது. அதைக் கரைத்தது, ஐந்து வருடத்துக்கு முன்னர் நான் காசு கொடுத்துப் பூசுவித்த சீமெந்து.

அதை நான் இத்தனை நாளும் வெளியே சொல்லவில்லை. சொல்ல வெட்கமாக இருந்தது. இப்போது எழுதுவதற்குக் காரணம், கடந்த வருடம் வேலணையிலும் புங்குடுதீவிலும் நடந்து போனபோது கண்ட காட்சி. புதிதாகத் திருத்திய பழைய கல்வீடுகள். பளபளக்கும் பெயின்ற். தரையிலிருந்து மூன்றடி உயரத்தில், வேட்டிக் கரை போல ஒரே நேராக ஓடும் வெள்ளைக் கோடு. அந்தக் கோடு என்னவென்று எனக்குத் தெரியும். வீட்டுக்காரர்களுக்குத் தெரியாது. தெரிந்தவன் சொல்லாமல் இருப்பது சரியில்லை.

என் பிழை ஊர்காவற்றுறையில் தொடங்கவில்லை. ஸ்காபரோவில் தொடங்கியது.

1992இல் கனடாவுக்குப் போய்ச் சேர்ந்தேன். அப்போது வந்த பெடியள் பலரையும் போல எனக்கும் முதல் வீடு ஒரு பேஸ்மென்ற்தான். நிலத்துக்குக் கீழே ஐந்து பேர். யன்னல் என்பது கூரையோடு ஒட்டிய ஒரு கண்ணாடித் துண்டு. அதற்கு வெளியே ஆட்களின் சப்பாத்துகள் மட்டும் தெரியும். பங்குனியில் பனி உருகும்போது சுவரின் அடி கறுத்து ஈரமாகும், அதற்கு மேல் பஞ்சு மாதிரி வெள்ளையாக ஏதோ பூக்கும். என் பாய் அந்தச் சுவரோரம் கிடந்தது. விடிய எழும்பும்போது போர்வையில் ஒரு புளித்த மணம் இருக்கும்.

பிறகு எனக்கு வாய்த்த வேலையும் அதுவே. நிலக்கீழ் அறைகளின் சுவர்களைத் திருத்துகிற ஒரு சிறிய நிறுவனத்தில் ஒன்பது வருடம். அங்கே குளிர்காலத்தில் நிலம் நாலடி ஆழத்துக்கு உறையும். அதற்குக் கீழே அத்திவாரம் போட வேண்டியிருப்பதால்தான் வீடுகளுக்கு அடியில் ஓர் அறை உண்டாகிறது. சுவர்கள் கொங்கிறீற்று. தண்ணீர் ஒரு பக்கத்திலிருந்து, மண் பக்கத்திலிருந்து மட்டும் வரும். வெளியே அகழி வெட்டி, சுவரைக் கழுவி, கீலும் தாளும் ஒட்டி, அடியில் துளைபோட்ட குழாய் பதித்துச் சல்லி போட்டு மூடுவோம். உள்ளே வெடிப்புகளை அடைத்து, தண்ணீர் புகாத சாந்து பூசுவோம். வேலை முடிந்தால் அறை காய்ந்துவிடும். வீட்டுக்காரர் கை குலுக்குவார். எனக்குப் பெருமையாக இருக்கும்.

தண்ணீரைக் கண்டால் வழியை அடை என்பதுதான் அந்த ஒன்பது வருடமும் என் கைகளுக்குச் சொல்லித்தந்த பாடம். அந்தச் சுவர்களுக்கு அது சரியான பாடம். உலகத்தில் உள்ள எல்லாச் சுவருக்கும் அதுதான் சட்டம் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

ஊர் வீட்டை அப்பப்பா 1930களில் கட்டினார். பாய்க்கப்பல் ஒன்றில் அவருக்குப் பங்கு இருந்தது. துறைமுகம் உயிரோடு இருந்த காலம். ஒன்றரை அடித் தடிப்பில் முருகைக்கல் சுவர். கல்லுக்குக் கல் சுண்ணாம்புச் சாந்து, அதற்கு மேல் சுண்ணாம்புக் காரை, அதற்கு மேல் வருடாவருடம் அடித்த வெள்ளை. தரை சுண்ணாம்பும் மணலும் இடித்துப் போட்டது. சின்ன வயதில் மாரிகாலத்தில் அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்தால் சட்டை ஈரமாகும். அப்பப்பா திட்டமாட்டார். “சுவர் வேர்க்குது, தள்ளி இரு” என்பார், அவ்வளவுதான். சோளகம் பெயர்ந்து காற்று அடிக்கத் தொடங்கினால் சுவர் தானாகக் காயும். பொங்கலுக்கு முன்னர் யாராவது ஒருவர் வந்து அடிப்பக்கத்தில் உதிர்ந்த இடங்களில் இரண்டு கை காரை வைத்து, தும்பு மட்டையால் வெள்ளையடித்துவிட்டுப் போவார். அதை ஒரு திருத்தவேலை என்றே யாரும் நினைத்ததில்லை. முற்றம் கூட்டுவது போல அதுவும் ஒன்று.

1990 ஆகஸ்ட்டில் இராணுவம் தீவுகளில் இறங்கியபோது நாங்கள் உடுத்த உடுப்போடு வெளிக்கிட்டோம். அம்மாவும் தங்கச்சியும் யாழ்ப்பாணத்தில் வாடகை வீடு, 1995 இடப்பெயர்வில் தென்மராட்சி, திரும்பக் கொக்குவில் என்று அலைந்தார்கள். ஊர் வீடு இருபது வருடத்துக்கு மேல் ஆளில்லாமல் கிடந்தது. ஓடு போனது, மரம் போனது, கதவு நிலை போனது. 2012 வைகாசியில் நான் போய்ப் பார்த்தபோது முற்றத்தில் வேம்பு நின்றது, அடுப்படிச் சுவரில் ஆலங்கன்று வேர்விட்டிருந்தது. ஆனால் பெரிய சுவர்கள் நாலும் நின்றன. காரை பல இடத்தில் உதிர்ந்திருந்தது, கல் உதிரவில்லை. தட்டினால் கணீரென்று கேட்டது. இருபத்திரண்டு மாரி அந்தச் சுவர்களுக்கு மேல் நேரடியாகப் பெய்திருக்கிறது என்பதை அன்றைக்கே நான் யோசித்திருக்க வேண்டும். கூரையில்லாமல் நின்ற சுவர் ஏன் விழவில்லை என்று கேட்டிருந்தால் பாதி விடை கிடைத்திருக்கும்.

நான் கேட்டது வேறு. அம்மா ஊரில்போய் இருக்கவேணும் என்று நிற்கிறா, மாரிக்கு முன்னர் எப்படி முடிக்கலாம்?

கொந்தராத்துக்காரரைப் பிடித்தேன். அவர் என்ன செய்தாரோ அதை நான் சொல்லித்தான் செய்தார். பழி அவருக்கு இல்லை. மிச்சமிருந்த சுண்ணாம்புக் காரையை முழுதாகக் கொத்தி எறிந்தோம். ஒன்றுக்கு நாலு சீமெந்துச் சாந்து, அதில் தண்ணீர் புகாமைக்கான மா, முக்கால் அங்குலத் தடிப்பில் உள்ளும் புறமும். அதற்கு மேல் அடிப்பூச்சு, அதற்கு மேல் இரண்டு தரம் பெயின்ற். தரையைக் கிண்டிக் கொங்கிறீற்றுப் போட்டு ரைல்ஸ் பதித்தோம். வளவு மண்ணை நிரவி, சுவரைச் சுற்றி மூன்றடி அகலத்தில் சீமெந்துத் தளம் போட்டோம், சேறு தெறிக்காமல் இருக்க.

சாந்து குழைத்த தண்ணீர் எங்கள் கிணற்றுத் தண்ணீர். தீவுகளில் நன்னீர் என்பது, கடல்நீருக்கு மேல் ஒரு மெல்லிய வில்லை போல மிதக்கும் மழைநீர்தான். கோடையில் இறைக்க இறைக்க அடியில் இருக்கும் உவர் மேலே ஏறும். ஆனியில் எங்கள் கிணறு வாயில் வைக்க முடியாதபடி கரித்தது. பௌசரில் தண்ணீர் எடுக்கலாம் என்று கொந்தராத்துக்காரர்தான் சொன்னார். “சுவர் குடிக்கிற தண்ணிக்கு ஏன் காசு?” என்று நான் மறுத்தேன். ஈரம் வரும் வழியை அடைக்கப் போன நானே, அதை வரவழைக்கிற உப்பைக் குழைத்துச் சுவருக்கு ஊட்டினேன்.

வேலை நடந்துகொண்டிருந்தபோது ஒரு வயதான மேசன் படலைக்குள் வந்தார். எழுபதைத் தாண்டியவர். எங்கள் வீட்டுக்கு வெள்ளையடிக்க வந்தவர்களின் பிள்ளைகளில் ஒருவர். பெயரை இங்கே எழுத அவர் விரும்பமாட்டார். மேசன் ஐயா என்றே சொல்கிறேன். சுவரைப் பார்த்தார். குவிந்து கிடந்த பழைய காரையில் ஒரு துண்டை எடுத்து விரலால் தேய்த்தார்.

“தம்பி, உது வேர்க்கிற சுவரெல்லோ. மூடிப் போட்டியள் எண்டால் எங்காலை வேர்க்கிறது?”

“ஈரம் வராமல் இருக்கத்தானே ஐயா மூடுறம். சீமெந்து கல்லை விட வலிது.”

“அதுதான் பிழை. கல்லை விடப் பூச்சு வலிதாய் இருக்கக்கூடாது. அடிபட்டால் பூச்சு படவேணும். பூச்சைத் திரும்பப் பூசலாம். கல்லைத் திரும்பப் பூசுவியளோ?”

நான் கனடாவில் இதே வேலை ஒன்பது வருடம் செய்தவன் என்று சொன்னேன். மரியாதையாகத்தான் சொன்னேன். அவரும் மரியாதையாகக் கேட்டார். தேத்தண்ணி குடித்தார். போகும்போது கடலைக் காட்டி, “கடற்கோட்டை சுண்ணாம்பிலைதான் நிக்குது, தம்பி” என்றார். ஊர்காவற்றுறைத் துறையில் நின்றால், அதற்கும் காரைநகருக்கும் இடையில் கடலுக்குள் தெரிகிற அந்தக் கோட்டையைப் போர்த்துக்கேயர் கட்டினார்கள். 1658இல் ஒல்லாந்தர் பிடித்து, பன்றித்தொடையின் குதி என்ற பொருளில் ஹமன்ஹீல் என்று பெயர் வைத்தார்கள். சின்ன வயதிலிருந்து நான் தினமும் பார்த்த கோட்டை. அவர் கை நீட்டிய திசையில் அன்று நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அம்மா ஆவணியில் குடிபுகுந்தா. பால் காய்ச்சிய படம் வந்தது. வெள்ளை வெளேரென்ற சுவருக்கு முன்னால் அம்மா நின்றா. அந்தப் படத்தை ஸ்காபரோ வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டி வைத்தேன்.

முதல் மாரியில் ஒன்றுமில்லை. இரண்டாவது மாரிக்குப் பிறகு வெள்ளைக் கோடு தெரிகிறது என்று தங்கச்சி சொன்னாள். பெயின்ற் அடிக்கக் காசு அனுப்பினேன். மூன்றாவது மாரியில் கோடு நாலடிக்கு ஏறியது. பெயின்ற் கொப்புளம் போட்டு, உள்ளே தண்ணீர் நின்றது. திரும்பவும் அனுப்பினேன், இந்த முறை விலை கூடின பெயின்றுக்கு. 2014 கார்த்திகையில் ஓர் இரவு அம்மா தொலைபேசியில் சொன்னா: “தம்பி, சுவர் அழுகுது.”

எங்கள் பேச்சில் அந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள். அழுதுகொண்டிருக்கிறது என்றும் எடுக்கலாம், பழுதாகிக்கொண்டிருக்கிறது என்றும் எடுக்கலாம். எதைச் சொல்கிறா என்று நான் கேட்கவில்லை. “கட்டிலைச் சுவரிலை இருந்து தள்ளிப் போடுங்கோ அம்மா, அடுத்த முறை வந்து பாக்கிறன்” என்றேன். ஸ்காபரோவில் அந்த ஈரச் சுவரோரம் பாய் போட்டுப் படுத்தவன் நான். அந்தப் புளித்த மணம் என்னவென்று தெரிந்தவன். என் தாயை அதே மணத்துக்குள், என் காசில் கட்டிய அறைக்குள் படுக்க வைத்திருந்தேன். 2016 மாசியில் அம்மா போய்விட்டா. வயது எண்பத்தொன்று, சுவரால் போனா என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் கடைசி மூன்று மாரியும் அந்த அறையில் இருமிக்கொண்டு இருந்தா. நான் வந்து பார்க்கிறேன் என்ற அந்த அடுத்த முறை செத்தவீடாக அமைந்தது.

அந்த முறை சுவரைப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. அடுத்த வருடம் ஆவணியில்தான் வந்து, மேசன் ஐயாவின் வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டேன். அவர் “நான் அப்பவே சொன்னனான்” என்று சொல்லவில்லை. சின்னச் சுத்தியலால் அடியிலிருந்து மேலே தட்டிக்கொண்டே போனார். நாலடி வரைக்கும் வெற்றுப் பெட்டியின் சத்தம். அதற்கு மேல் கல்லின் சத்தம். ஓர் இடத்தில் உளியை விட்டு நெம்பினார். பலகை போலச் சீமெந்துப் பூச்சு ஒரு பாகமாகக் கழன்று விழுந்தது. அதன் முதுகில் ஓர் அங்குலத்துக்கு முருகைக்கல் ஒட்டிக்கொண்டு வந்தது. பூச்சு முழுசாக, வெடிப்பில்லாமல் இருந்தது. கல்தான் போயிருந்தது.

அப்போதுதான் நான் விரலை வைத்து அழுத்தியது.

நடந்தது என்னவென்று இப்போது எனக்கு விளங்குகிறது. முருகைக்கல் கடலில் உயிர் கட்டிய கல். உள்ளெல்லாம் கண் கண்ணாகத் துளை. நிலத்து ஈரம், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல அந்தத் துளைகளின் வழியே ஏறும். தீவில் அந்த ஈரத்தோடு உப்பும் ஏறும். பழைய சுவரில் அது முழங்காலுக்கு மேல் போகாது. அதற்கிடையில் காரை வழியாகக் காற்றில் பறந்துவிடும். தண்ணீர் பறக்கும், உப்பு பறக்காது. அது காரையின் முகத்தில் வந்து பூக்கும், அல்லது காரைக்குள்ளேயே படிகமாகும். படிகமாகும்போது துளையை நெருக்கித் தள்ளும். அந்த நெருக்குதலில் காரை பொருக்கு வெடித்து உதிரும். உதிர்ந்த காரையோடு உப்பும் கீழே விழுந்துபோகும். ஒவ்வொரு பொங்கலுக்கும் இரண்டு கை காரை வைத்துப்போனவர் அந்த வருடத்து உப்பை அப்புறப்படுத்திவிட்டுத்தான் போயிருக்கிறார்.

நான் அந்த வாசலை இரண்டு பக்கமும் சாத்தினேன். தரையால் பறந்துகொண்டிருந்த ஈரத்துக்கும் ரைல்ஸ் போட்டு வழியை மறித்தேன். வெளியே சீமெந்துத் தளம் வேறு. எங்கேயும் போக வழியில்லாத ஈரம் சுவருக்குள்ளேயே மேலே மேலே ஏறியது, போன இடமெல்லாம் உப்பைக் காவிக்கொண்டு. சீமெந்துக்கும் கல்லுக்கும் இடையில் உப்பு விளைந்தது. இரண்டில் எது மெலிதோ அது உடைந்தது.

இன்னுமொன்று. கறியுப்பு காற்றில் ஈரப்பதம் நூற்றுக்கு எழுபத்தைந்தைத் தாண்டினால் தானாகவே தண்ணீரை இழுத்துக் கசியும். திறந்து வைத்த உப்புப் பேணி மாரியில் கரைந்து கிடப்பதை எல்லா அடுப்படியிலும் பார்க்கலாம். எங்கள் கரையில் ஈரப்பதம் அந்த அளவைத் தாண்டுவது புதினமில்லை. ஆகவே உப்பு ஏறிய சுவர், மழை பெய்யாத நாளிலும் காற்றிலிருந்து தண்ணீர் குடித்து நனையும். வெயில் நேரம் காயும். இரவு திரும்ப நனையும். ஒவ்வொரு தரமும் உப்பு கரைந்து மீண்டும் படிகமாகிக் கல்லை இன்னும் கொஞ்சம் உடைக்கும். அம்மா பெயின்ற் கொப்புளத்தை ஊசியால் குத்தித் தண்ணீரை வடியவிட்டதாகத் தங்கச்சி சொன்னாள். வடிந்தது மழைத்தண்ணீர் என்றே எல்லோரும் நினைத்தோம்.

“இப்ப என்ன செய்யலாம், ஐயா?”

“சீமெந்தைக் கழட்டுங்கோ. பிறகு ஒண்டும் செய்யாதேங்கோ.”

ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. நான் மூன்று கிழமை லீவில் வந்தவன். அவர் ஒரு சோளகம் முழுதும் சுவர் வெறுமேனியாக நிற்கவேண்டும் என்றார். நான் வேலையை விட்டேன். சொன்னால் பெரிய தியாகம் போலத் தெரியும். அப்படியில்லை, ஐம்பதை எட்டிய முதுகு எப்படியும் விடத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. 2018 தையில் திரும்பி வந்து நின்றேன்.

மின்சாரத் துளைகருவி வேண்டாம் என்றார். அதிர்வில் நல்ல கல்லும் உதிரும். உளியும் சுத்தியலுமாக இருபத்தாறு நாள் சீமெந்தைக் கழற்றினோம். தென்மேற்கு மூலையில் ஒன்பதடி நீளம் தேறவில்லை. இறக்கிவிட்டுத் திரும்பக் கட்ட வேண்டியதாயிற்று. அதற்குக் கல்? முந்தி கடலில் எடுத்தார்கள். 1988இல் திருத்தப்பட்ட கரையோரப் பாதுகாப்புச் சட்டம் கரையோர வலயத்தில் முருகைக்கல் எடுப்பதைத் தடைசெய்திருக்கிறது. அது நியாயமான சட்டம், அந்தக் கல்தான் அலையைத் தடுக்கிறது, மீனுக்கு வீடாகிறது. எங்கள் பழைய மாட்டுக்கொட்டிலின் இடிந்த சுவரில் கிடந்த கற்களைத் தேடிப் பொறுக்கினோம். ஆலங்கன்று பிளந்த அடுப்படிச் சுவரும் உதவியது.

வெளியே சீமெந்துத் தளத்தை உடைத்து மண்ணை வெட்டினோம். இருபது வருடத்துச் சருகு, உடைந்த ஓடு, நாங்கள் 2012இல் நிரவிய மண் எல்லாம் சேர்ந்து நிலமட்டம் பதினாலு அங்குலம் ஏறியிருந்தது. வெட்டிக்கொண்டு போகும்போது தலைவாசலில் ஒரு கற்படி வெளிப்பட்டது. எங்கள் வீட்டுக்கு மூன்று படி. நான் 2012இல் இரண்டு படியைக் கண்டு, மூன்றாவதை மறந்தே போயிருந்தேன். சின்ன வயதில் அந்தக் கடைசிப் படியில் இருந்துதான் நாங்கள் கால் கழுவுவது. அதைக் கண்டதும் மண்வெட்டியைப் போட்டுவிட்டு அதிலேயே கொஞ்ச நேரம் இருந்தேன். பதினாலு அங்குல ஈர மண்ணைச் சுவரோடு அணைத்து வைத்துக்கொண்டு, சுவர் ஏன் நனைகிறது என்று ஐந்து வருடம் பெயின்ற் கடைகளில் விடை தேடியிருக்கிறேன்.

சுவர் காய்ந்துகொண்டிருந்த வைகாசியில் ஒரு நாள் மேசன் ஐயா என்னை நெடுந்தீவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். குறிகட்டுவானில் வள்ளம் ஏறி ஒரு மணித்தியாலம். நெடுந்தீவின் வேலிகளைப் படத்தில் பார்த்திருப்பீர்கள்: முருகைக்கல்லை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது, சாந்து ஒரு துளி இல்லை. காற்று கல்லுக்குக் கல் புகுந்து போகிறது. உப்பு தங்க இடமே இல்லை. பிறகு கடற்கரையோரக் கோட்டைக்குப் போனோம். கூரை இல்லை, காரை பெரும்பாலும் இல்லை. தடித்த முருகைக்கல் சுவர்கள் கடலைப் பார்த்தபடி நிற்கின்றன. ஐயா ஒரு மூலையில் மிஞ்சியிருந்த காரையைக் காட்டினார். நகத்தால் கீறினால் கோடு விழுந்தது. அதற்குப் பின்னால் இருந்த கல்லைக் கீறச் சொன்னார். கோடு விழவில்லை.

“இதைக் காட்டத்தான் கூட்டியந்தனான்” என்றார். வேறொன்றும் பேசவில்லை. திரும்பும் வள்ளத்தில் நித்திரையாகிவிட்டார்.

சுண்ணாம்பு கிடைப்பதே பெரும்பாடு. 1950களில் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை வந்த பிறகு மேசன்மாரின் கை மாறிவிட்டது என்பார் ஐயா; அவருடைய தகப்பனார் சுண்ணாம்பில் பழகியவர், அவர் சீமெந்தில் உழைத்தவர். அந்தத் தொழிற்சாலையும் 1990இல் போரோடு நின்றது. குடாநாட்டில் சுண்ணக்கல் சுடும் ஒரு சூளையில் நீற்றாத கல்லாகவே வாங்கி வந்தோம். வளவில் குழி வெட்டி, பௌசர் தண்ணீர் விட்டு நீற்றினோம். இந்த முறை கிணற்றுத் தண்ணீர் ஒரு வாளிகூட இல்லை. கல் தண்ணீரில் விழுந்ததும் சீறிக் கொதித்தது. மூன்று மாதம் குழியிலேயே தண்ணீர் மூடி ஊறவைத்தோம். எடுக்கும்போது வெண்ணெய் போல இருந்தது.

சூளையில் சுண்ணக்கல் கரியமிலவாயுவை இழக்கிறது. பூசிய பிறகு அதே வாயுவைக் காற்றிலிருந்து மெல்ல எடுத்துத் திரும்பவும் கல்லாகிறது. முருகைக்கல்லும் அதே பொருள்தான். கல்லும் சாந்தும் ஒரே குலம் என்பதை எங்கள் மேசன்மார் இரசாயனம் படிக்காமலே அறிந்து வைத்திருந்தார்கள்.

முதலில் பூசியது எறிவதற்கான பூச்சு. சுண்ணாம்பு குறைத்து மணல் கூட்டி, பொசுபொசுவென்று ஒரு காரை. ஆறு கிழமையில் அது உப்பைக் குடித்து வெள்ளையாகப் பூத்தது. சுரண்டிச் சாக்கில் கட்டி வளவுக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்டினோம். திரும்பவும் ஒரு தரம். இரண்டாவது முறை பூத்தது பாதிதான். அதன் பிறகே உண்மையான பூச்சு: ஒரு பங்கு சுண்ணாம்பு, மூன்று பங்கு நல்ல தண்ணீரில் கழுவிய மணல், பனங்கட்டி கரைத்த தண்ணீர் கொஞ்சம். மூன்று தடவையாக, ஒவ்வொன்றும் அரை அங்குலத்துக்கு மேற்படாமல். வெயில் படாமல் சாக்குக் கட்டி, காலையும் மாலையும் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும். சீமெந்து ஒரு நாளில் இறுகும். இது கிழமைக்கணக்கில் இறுகும். அவசரப்பட்டால் வெடிக்கும். பிறகு பெயின்ற் இல்லை, வெள்ளைதான். உள்ளே சுவரோரம் ஓரடி அகலத்துக்கு ரைல்ஸைக் கழற்றி, பழையபடி சுண்ணாம்பும் மணலும் இடித்துப் போட்டோம். வெளியே கூரைத் தண்ணீர் சுவரடியில் விழாதபடி பீலி வைத்து, சுவரை ஒட்டிச் சல்லி அகழி.

2020 மார்கழியில் புரெவிப் புயல் மழை கொட்டியது. யாழ்ப்பாணம் எங்கும் வெள்ளம். எங்கள் சுவர் நனைந்தது. முழங்கால் உயரத்துக்குக் கறுத்தது. முதுகைச் சாய்த்துப் பார்த்தேன், சட்டை ஈரமானது. தைப்பொங்கல் கழித்து மாசிப் பனி விடும்போது சுவர் காய்ந்திருந்தது. அடியில் இரண்டு மூன்று இடத்தில் காரை உதிர்ந்திருந்தது. முன்னர் என்றால் பதறியிருப்பேன். உதிர்ந்ததைக் கூட்டி அள்ளி வெளியே கொட்டினேன்.

ஒரு விஷயம் என்னை இன்னும் உறுத்துகிறது. ரொறன்ரோவின் பழைய பகுதியில், நூறு வருடத்துக்கு மேற்பட்ட ஒரு செங்கல் வீட்டின் பேஸ்மென்றில் 2003 அளவில் நாங்கள் வேலை செய்தோம். அந்தச் சுவர் கொங்கிறீற்று இல்லை. செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். செங்கல்லின் முகம் அங்கங்கே மாவாகியிருந்தது. நாங்கள் வழக்கம்போலச் சீமெந்துச் சாந்தை அப்பி மூடினோம். அந்த வீட்டில் ஒரு வயதான அம்மா தனியே இருந்தா. வேலை முடிந்ததும் எல்லோருக்கும் தேநீர் தந்தா. அந்தச் சுவருக்குப் பின்னால் இப்போது என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். வெளியிலிருந்து வடிகால் வெட்டி, உள்ளே சுண்ணாம்பு பூசியிருக்க வேண்டிய சுவர் அது. பிழை ஊருக்கும் ஊருக்கும் இடையில் வந்ததில்லை. சுவர் எதனால் ஆனது என்று கேட்காமல் கையை வைத்ததில் வந்தது. ஊர்காவற்றுறையில் மட்டுமல்ல, அங்கேயும் அதைச் செய்திருக்கிறேன்.

தீவுகளில் பழைய கல்வீடு வைத்திருக்கிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. வெளிநாட்டிலிருந்து கொந்தராத்துக் கொடுப்பதற்கு முன்னர் சுவரில் ஒரு கை அகலத்துக்குக் காரையைப் பெயர்த்துப் பாருங்கள். உள்ளே முருகைக்கல்லோ சுண்ணக்கல்லோ சுண்ணாம்புச் சாந்தோ இருந்தால், சீமெந்தை நிற்பாட்டுங்கள். முதலில் சுவரடி மண்ணை வெட்டி இறக்குங்கள். அதற்குச் செலவு ஒரு கூலியாளின் இரண்டு நாள் சம்பளம்தான். ஒரு சோளகம் பொறுங்கள். ஏற்கெனவே பூசிவிட்டீர்கள், வெள்ளைக் கோடு தெரிகிறது என்றால் அதற்கு மேல் பெயின்ற் அடிக்காதீர்கள். அந்தக் காசில் பூச்சைக் கழற்றுங்கள். வீட்டில் இருக்கிற கிழவி சுவரைப் பற்றி ஏதாவது சொன்னால், தொலைபேசியை வைக்காமல், என்ன சொல்கிறீர்கள் அம்மா என்று கேளுங்கள்.

மேசன் ஐயாவுக்கு இப்போது கண் சரியாகத் தெரியாது. இரண்டு பெடியள் அவரிடம் சுண்ணாம்பு வேலை பழகுகிறார்கள். கதிரையில் இருந்தபடி, அவர்கள் பூசும் சத்தத்தைக் கேட்டே “தண்ணி கூடிப்போச்சு” என்று சொல்வார். தென்மேற்கு அறையின் அடிச்சுவரில் இரண்டடிக் காரையை வருகிற மாரிக்கு முன்னர் சுரண்டிப் புதிதாகப் பூசவேண்டும். சுண்ணாம்பு குழியில் ஊறிக்கொண்டிருக்கிறது.